பின்கேட்டுக்கு மணி கிடையாது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் வாங்கத் தெரிகிறது, வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. நாய்க்குப் பிறந்த நாள் கொண்டாடுகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். ஸ்வெட்டர் மாட்டிவிட்டு, அது திருதிருவென்று விழிப்பதைப் போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். அதே ஆட்கள் வீடு மாறும்போது பீரோவைக் கழற்றி ஏற்றுகிறார்கள். பூந்தொட்டியைக்கூடச் சாக்கில் சுற்றிப் பத்திரமாக ஏற்றுகிறார்கள். நாயை மட்டும் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டால் புது வீட்டில் இடமில்லையாம். பூந்தொட்டிக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ இடம்!

லாரிக்காரர் இதை யாரிடமும் சொல்லவில்லை. காலை நெரிசலில் காப்பகத்து வேனை ஓட்டியபடி ஸ்டீயரிங்கிடம் சொல்லிக்கொண்டு போனார். அவர் பேச்சைப் பாதியில் வெட்டாமல் கேட்பது அது ஒன்றுதான்.

அவரை மறந்துவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய மனுஷன். வண்டியை விட்டு வருடக்கணக்காகியும் பெயர் அவரை விடவில்லை. மனைவி போன பிறகு மகன் வீட்டு மாடியறையில் இருந்தார். மகனுக்கு ஃப்ரிட்ஜ் விற்கிற கடை. மொத்தமாக ஆர்டர் கொடுக்க வந்த ஓட்டல் முதலாளி ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "இவன் கடைச் சரக்கையா வாங்கப் போறீங்க? இவன் வீட்டு ஃப்ரிட்ஜே வேற கம்பெனிதாங்க" என்று லாரிக்காரர் சொல்லிவிட்டார். உள்ளதைத்தான் சொன்னார். மறுநாள் காலை மகன், "நாலு நாள் தங்கச்சி வீட்டில இருந்துட்டு வாங்கப்பா" என்றான். அந்த நாலு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

மகள், கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களுக்கும் பூனைகளுக்கும் வீடு தேடிக் கொடுக்கிற காப்பகத்தை நடத்துகிறவள். அப்பாவுக்கு வாடகை வீட்டில் ஒரு கட்டிலைப் போட்டாள், கையில் காப்பகத்து வேன் சாவியைக் கொடுத்தாள்.

போன வாரம் அவளுக்கு வந்த ஒரு போனோடு நிறுத்தியிருந்தோம். பேசியது அவள் அண்ணன்.

"ஜட்ஜைத் திரும்ப எடுத்துக்க. எங்களால முடியல."

ஜட்ஜ் ஒரு கிழட்டு நாய். வீடு மாறிப் போனவர்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனதுதான். எதிரில் யார் வந்தாலும் முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்லப் போகிற மாதிரி உற்றுப் பார்க்கும். அதனால் அந்தப் பெயர். போன ஆண்டு விழாவில் அண்ணன்தான் அதை எடுத்துக்கொண்டு போனான். அந்தப் படம் காப்பகத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது. இந்த ஆண்டு விழாவில் அவனுக்குச் 'சிறந்த வளர்ப்புக் குடும்பம்' கேடயம். விழா இன்றைக்கு.

"கேடயம் வாங்க வரும்போதே நாயையும் கொண்டாந்து விட்டுடறேன். ரெண்டு வாட்டி பெட்ரோல் எதுக்கு?" என்றும் கேட்டான் அண்ணன். அதனால்தான் விடிந்ததும் அப்பாவை வேனோடு அனுப்பினாள்.

மகன் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மருமகள் குளியலறையில் இருந்தாள். அல்லது, மாமனார் போகிற வரைக்கும் குளியலறையில் இருப்பதாக முடிவெடுத்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

"எங்கே அவரு, ஜட்ஜய்யா?" என்றார் லாரிக்காரர்.

"மாடிப்படிக்குக் கீழே. எழுந்திருக்கறதே இல்ல. பாலும் பிரெட்டும் வெச்சா ரெண்டு வாய் நக்கிட்டு முகத்தைத் திருப்பிக்குது. டாக்டர் பாத்துட்டார். ஒடம்புல ஒண்ணும் இல்லையாம்."

"எப்போலேருந்து?"

மகன் காலரைத் திருப்பிப் போட்டு அழுத்தித் தேய்த்தான். "நீங்க போனதிலேருந்துதான்."

லாரிக்காரர் படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். இருட்டுக்குள் வால் ஒரு தடவை தரையில் தட்டியது. அப்புறம் ஜட்ஜ் மெதுவாக எழுந்தது. முதலில் முன்பக்கம், பிறகு யோசித்துவிட்டுப் பின்பக்கம். வந்து அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. விலா எலும்பை விரலால் எண்ணலாம் போலிருந்தது.

"பாத்தீங்களா? எங்க யாருக்கும் எழுந்திருக்கல. உங்களுக்கு எழுந்திருக்குது," என்றான் மகன். குற்றம் சாட்டுகிற குரல். "நீங்க ஏன்பா போனீங்க?"

"நீதானே போகச் சொன்னே."

"நாலு நாள்னுதானே சொன்னேன். நீங்களா வரல."

"நீ கூப்பிடல."

"சொந்த வீட்டுக்கு வர்றதுக்குக் கூப்பிட வேற செய்யணுமா?"

"சொந்த வீட்டிலேருந்து நாலு நாள் போயிட்டு வாங்கன்னு சொன்னா, அப்புறம் கூப்பிடத்தான்டா வேணும்."

இஸ்திரிப்பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. அதற்கு மேல் இருவருமே பேசவில்லை. பேசியிருந்தால் அடுத்த வார்த்தை நல்ல வார்த்தையாக வந்திருக்குமோ என்னவோ. இரண்டு பேருக்கும் அந்த ஆபத்து தெரிந்திருந்தது.

நாயைத் தூக்கி வேனில் வைத்தபோது அது இத்தனை இலேசாக இருந்தது லாரிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

காப்பகத்தின் முன்கேட்டில் ஒரு பித்தளை மணி தொங்கும். ஒரு பிராணிக்கு வீடு கிடைத்துக் கிளம்பும்போது, அழைத்துப்போகிறவர்கள் கயிற்றை இழுத்து மணி அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கைதட்டுவார்கள். கிளம்புகிற பிராணிக்குப் புதுக் கழுத்துப்பட்டையும் ஒரு பிஸ்கட்டும் உண்டு. மணியை வாங்கி மாட்டியவள் மகள்தான். "சந்தோஷத்துக்குன்னு ஒரு சத்தம் வேணும்பா" என்பாள்.

திரும்பி வருகிறவை பின்கேட் வழியாக வரும். அங்கே தீவன மூட்டை இறங்கும், குப்பை வண்டி நிற்கும். பின்கேட்டுக்கு மணி கிடையாது.

கூண்டு கழுவுகிற அம்மாள் குழாயை மூடிவிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். "யாரு, நம்ம ஜட்ஜய்யாவா? என்ன, பதவி போயிடுச்சா?"

"மாத்தல் ஆர்டர்," என்றார் லாரிக்காரர்.

"உங்களுக்கு வந்த மாதிரியேவா?"

"உன் வாய்க்கு முதல்ல ஒரு பூட்டு வாங்கணும்."

"வாங்குங்க. சாவியை என்கிட்டயே குடுத்துடுங்க." அவள் சிரித்துக்கொண்டே நாயின் காதைத் தடவினாள். தடவியவள் விலாவைத் தொட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மகள் கையில் மைக்கோடு ஓடிவந்தாள். வந்த வேகத்தில், "யாரும் பாக்கலியே?" என்றாள்.

"பாத்தா என்ன? திருட்டு மாலா?"

"அப்பா, இன்னிக்கு ஒருநாள் வம்பு வேணாம். கடைசிக் கொட்டகையில விட்டுக் கதவைச் சாத்திடுங்க. விழாத் தலைவரம்மா வந்தாச்சு. நடமாடும் மருத்துவ வண்டி ஒண்ணு வாங்கித் தர்றதா இருக்காங்க. பாதிப் பேர் ஏன் நாயை விடறாங்க தெரியுமா? டாக்டர்கிட்ட தூக்கிட்டுப்போக வழியில்லாமதான். டாக்டரே தெருவுக்கு வந்துட்டா விடமாட்டாங்க."

"விடறவன் விடத்தான் செய்வான்."

"உங்களுக்கு எதையும் நம்பவே வராதா?"

"எங்கே, நம்பற மாதிரி ஒண்ணு சொல்லு."

"இந்த வருஷம் நம்மகிட்டேருந்து போன ஒரு பிராணிகூடத் திரும்பி வரல. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்."

லாரிக்காரர் வேனுக்குள் கையைக் காட்டினார். "அப்போ இது என்ன? நாற்காலியா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இது நம்ம குடும்ப விஷயம்பா. அதுல சேராது. விழா முடியட்டும், இதுக்கு வேற வீடு பாக்கறேன்."

"இதுக்கு? கண்ணுல புரை, இடுப்புல பிடிப்பு. இந்த வயசுல எவன் எடுப்பான்?"

கிழட்டு நாயை யாரும் கேட்டு வருவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். இடமில்லாதபோது அவற்றை ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய நாய்ப்பட்டிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து எதுவும் கிளம்பியதாகக் கூண்டம்மாள்கூடச் சொன்னதில்லை.

"உன் வீட்டுக்குத்தான் கொண்டுபோயேன்."

"வீட்டு ஓனர் விடமாட்டார்னு தெரிஞ்சே கேக்கறீங்க. உங்களை வெச்சுக்கறதுக்கே ரெண்டு வாட்டி அவர்கிட்டக் கெஞ்ச வேண்டியிருந்..."

பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பயன்? வர வேண்டியது வந்துவிட்டது.

"இதை நீ சொல்லவே இல்லியே பாப்பா," என்றார் லாரிக்காரர்.

"அப்பா, நான் அந்த அர்த்தத்துல..."

"போ. உன்னைத் தேடறாங்க."

கடைசிக் கொட்டகையில் சிமெண்ட் தரை. அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. ஜட்ஜ் வழக்கம்போலச் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. தட்டில் ஊறவைத்த பிரெட்டைக் கூண்டம்மாள் கொண்டுவந்து வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது. நன்றாகத்தான் பேசினாள். தெருத்தெருவாகப் போய்த் தடுப்பூசி போட்டது, குட்டிகளைச் சாக்கில் கட்டி வீசுவது குறையட்டும் என்று இலவசமாகக் கருத்தடை செய்தது, காணாமல் போன பூனைகளை உரியவர்களிடம் சேர்த்தது. எதுவும் பொய்யில்லை. அந்தத் தெருக்களுக்கெல்லாம் வேனை ஓட்டிப் போனவரே அவர்தான். ஒரு கடைக்காரி தன் கிழட்டுப் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, டாக்டரம்மாவின் கையைப் பிடித்து அழுததையும் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவரே வேனுக்குப் பின்னால் போய் டயரை உதைத்துப் பார்த்தார். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.

"எங்க குறிக்கோள்லயே பெரிசு ஒண்ணு இருக்கு," என்றது ஒலிபெருக்கி. "போன வீட்டிலயே அதுங்க கடைசி வரைக்கும் இருக்கணும். பெருமையாச் சொல்றேன், இந்த வருஷம் எங்ககிட்டேருந்து போனதுல ஒண்ணுகூடத் திரும்பி வரல."

கைதட்டல் ஓயவே வெகுநேரம் ஆனது. லாரிக்காரர் நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது.

"கேட்டீங்களா ஜட்ஜய்யா? நீங்க வரவே இல்லையாம்."

அந்த நேரத்தில் முன்கேட்டில் மணி அடித்தது. யாரோ ஒரு குடும்பம் ஒரு குட்டியை அழைத்துக்கொண்டு கிளம்புகிறது.

ஜட்ஜின் காது நிமிர்ந்தது. தாடையைத் தூக்கியது. முன்பக்கம் எழுந்தது, இந்தத் தடவை பின்பக்கம் யோசிக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய், கூண்டுகளுக்கு நடுவே இருந்த பாதையில் மணிச்சத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த இடம்தான். அதற்கப்புறம் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

பிடித்திருக்கலாம். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். லாரிக்காரர் பிடிக்கவில்லை.

நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அது போனபோது ஜனங்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். நேராகப் போய் மணிக்குக் கீழே உட்கார்ந்தது. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு தடவை உற்றுப் பார்த்தது. அதற்குப் பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்கு அதே முகம். படத்தில் கொஞ்சம் சதைப்பிடிப்பாக.

"அட, இந்தப் படத்தில இருக்கிறவர்தானே இவர்?" என்றார் தலைவரம்மா. "இங்கே எப்படி?"

மேடையில் மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் அவள் அண்ணன், இஸ்திரி கலையாத சட்டையில், முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் பின்னால் வந்து நின்ற அப்பாவை அவள் பார்த்தாள். இப்போதாவது சொல்கிறாளா என்று அவரும் பார்த்தார்.

"ஆமாம் மேடம்," என்றாள் மகள். குரல் ஒரு இழை நடுங்கியது, அவ்வளவுதான். "கேடயத்தை நேர்லயே வாங்கிக்கணும்னு அவரே வந்துட்டார்."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். கேடயத்தைக் கொடுத்தார்கள். "நாங்க பாக்கறதுக்காக இன்னொரு தடவை மணி அடிங்களேன்" என்று தலைவரம்மா கேட்டுக்கொண்டார். அவன் கயிற்றை இழுத்தான். துணி உலர்த்தும் கொடியை இழுக்கிறவன் மாதிரி இழுத்தான். யாரோ ஜட்ஜின் வாயில் பிஸ்கட்டைக் கொடுத்தார்கள். அது கடிக்கவில்லை. பல்லுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் யாரையோ தேடியது. போட்டோ அப்படித்தான் விழுந்தது.

பிறகு தலைவரம்மா மைக்கை வாங்கி, மருத்துவ வண்டி வாங்கித் தருவதாக அறிவித்தார். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

முன்கேட்டில் மகனின் கார் நின்றது. பின்சீட்டில் ஜட்ஜ். கதவு இன்னும் திறந்திருந்தது. ஜனங்கள் கையாட்டிக்கொண்டிருந்ததால் மகனும் சிரித்தபடி கையாட்டிக்கொண்டு, உதட்டை அசைக்காமல் தங்கையிடம் பேசினான்.

"நல்லா மாட்டிவிட்டுட்டே என்னை. வீட்டுக்குக் கொண்டுபோனா உங்க அண்ணி கதவே திறக்கமாட்டா."

"ஒரு மாசம் வெச்சுக்க அண்ணே. வண்டி கைக்கு வரட்டும்."

"சாப்பிடாம ஒரு மாசமா? ஒரு வாரத்துல குழிதான் தோண்டணும்."

லாரிக்காரர் அருகில் வந்தார். கார் கதவருகே தரையில் அந்த பிஸ்கட் கிடந்தது. முழுசாக. ஓரத்தில் பல் பட்ட தடம் மட்டும் இருந்தது.

மகள் அவர் கையைப் பிடித்தாள். "வண்டி கிடைச்சிடுச்சுப்பா."

"நல்லது. கிடைக்க வேண்டியதுதான்."

"உண்மையைச் சொல்லியிருந்தா கிடைச்சிருக்காது. எத்தனை உசுரு பிழைக்கும் தெரியுமா?"

"பிழைக்கட்டும். நான் வேணாங்கலையே."

அவள் காருக்குள் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, நீங்களும் அண்ணன் வீட்டுக்கே போயிடுங்களேன். நீங்க பக்கத்துல இருந்தா ஜட்ஜ் சாப்பிடும்."

"ஆமாப்பா, ஏறுங்க," என்றான் மகன் அவசரமாக. "உங்க மருமககிட்ட நான் பேசிக்கறேன். அந்த மாடியறை... அதுல இப்போ அட்டைப்பெட்டிங்க கிடக்கு. எடுத்துடலாம்."

கூப்பிடத்தான் கூப்பிட்டான். இத்தனை நாள் அவர் காத்திருந்த வார்த்தைதான் அது. ஆனால் நாய் சாப்பிட வேண்டும் என்பதற்காக வந்தது. அதையும் தங்கச்சிதான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

லாரிக்காரர் மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தலைக்கு மேலே தொங்கிய மணியைப் பார்த்தார். கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் பாப்பா, எனக்கும் மணி அடிப்பியா? இல்ல, நானும் பின்கேட் வழியாத்தான் போகணுமா?"

"அப்பா!" மகளின் கண்ணில் புதுத் தண்ணீர். இது வேறு தண்ணீர். "ஏன்பா இப்படிப் பேசறீங்க? உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன். ஜட்ஜ் நல்லதுக்கும்."

"இருக்கலாம்."

வேன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். காரின் பின்சீட்டுக்குள் கையை விட்டு, ஜட்ஜின் தலையில் ஒரு நொடி வைத்தார். அது அவரை ஏற இறங்கப் பார்த்தது, தீர்ப்பை ஒத்திவைத்த மாதிரி.

"ஏறுங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க," என்றான் மகன்.

"பாக்கட்டும். அதுக்குத்தானே கூப்பிட்டிருக்கீங்க."

திரும்பி நடந்தார். நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, ஆள் உயரப் படத்தைத் தாண்டி, கூண்டுகளுக்கு நடுவே இருந்த பாதையில் பின்கேட்டைப் பார்த்து நடந்தார். கூண்டம்மாள் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "எங்கேங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

வண்டி வரும். ஊசி போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள், நாலு உயிர் பிழைக்கும். அதெல்லாம் சரிதான். இருந்தாலும், மணி அடித்துக் கொடுப்பதாலேயே ஒரு வீடு வீடாகிவிடும் என்று மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. பின்கேட்டைத் தள்ளினார். துருப்பிடித்த கீல் முனகியது.

பின்னால், முன்கேட்டில், மகன் ஹாரனை ஒரு தடவை அடித்தான். இன்னொரு தடவை அடித்தான். லாரிக்காரர் திரும்பவில்லை. காது மட்டும் அங்கேயே இருந்தது.

கார்க்கதவைச் சாத்துகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை.